ஏரியும் போர்வெல்லும்

அம்மாவின் மருந்துப் பெட்டி ஒரு பழைய பிஸ்கட் டின். சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, எப்போதோ வாங்கிப் பாதியில் விட்ட கால்சியம், ரப்பர் பேண்டு போட்ட மருந்துக் கடை ரசீதுகள் என்று அதற்குள் எல்லாம் கிடக்கும். சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது எதிர்வீட்டு அக்கா தன் மாத்திரை அட்டையோடு வந்தார். கண்ணாடி உடைந்துவிட்டதாம். இது காலைக்கா ராத்திரிக்கா என்று கேட்க வந்தவர். அவருடைய அட்டையையும் அம்மாவின் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டுமே மெட்பார்மின் 500 மில்லிகிராம். அம்மாவின் அட்டையில் கம்பெனி வைத்த பெயர் கொட்டை எழுத்தில், மருந்தின் பெயர் பொடி எழுத்தில். அக்காவின் அட்டையில் மருந்தின் பெயர் மட்டும். கூடவே, தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல என்ற அச்சு.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றேன்.

"ஓசியில குடுக்கறது எப்படிடா நல்லதா இருக்கும்? நாலு காசு குடுத்து வாங்கினாத்தான் உடம்புல பிடிக்கும்."

அக்கா சிரித்துக்கொண்டே, "எனக்கு இதுலயேதான் பெரியம்மா சர்க்கரை அடங்கிக் கிடக்கு" என்று அட்டையை வாங்கிக்கொண்டு போனார்.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படித்த நம்மில் பெரும்பாலோர் மனத்தில் இருப்பதைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார். விலை அதிகமென்றால் தரமும் அதிகம், இலவசமென்றால் ஏதோ குறை இருக்கும். சேலைக்கும் செருப்புக்கும் இந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். உயிருக்கு இதே கணக்கைப் போட்டு நாம் எதை இழந்துகொண்டிருக்கிறோம் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஓசி என்று எதுவும் இல்லை

அக்காவின் கைக்கு அந்த அட்டை வந்த வழியைப் பார்ப்போம். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவானது. மாநிலத்தின் அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் என்னென்ன மருந்து வேண்டும் என்று மொத்தமாகக் கணக்கெடுத்து, கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பெயரில் திறந்த டெண்டர் விடுவார்கள். ஒரு மாநிலமே ஒரே வாடிக்கையாளராகப் போய் நின்றால் விலை இறங்காமல் என்ன செய்யும்? வந்த சரக்கில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகே மாவட்டக் கிடங்கிலிருந்து வெளியே விடுவார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. தனக்கு ஒதுக்கிய தொகைக்குள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். கேரளமும் ராஜஸ்தானும் பிறகு இதே வழியில் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. கடையில் அம்மா கொடுக்கும் காசில் ஒரு பங்கு கம்பெனிப் பெயருக்கும் அதைப் பரப்பும் ஆட்களுக்கும் கடைக்காரரின் கமிஷனுக்கும் போகிறது. அக்காவின் அட்டையில் அந்தச் செலவுகள் இல்லை. விலை குறைந்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

அரசு மருத்துவமனைக்கு எங்கள் தாத்தா காலத்துப் பெயர் 'தர்மாஸ்பத்திரி'. யாரோ புண்ணியவான் போடும் தர்மம் என்ற தொனி அந்தப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. தர்மம் வாங்குபவர் கேள்வி கேட்கக் கூடாது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு நகர வேண்டும். உண்மையில் அங்கே தர்மம் செய்பவர் யாரும் இல்லை. சோப்புக் கட்டியிலிருந்து செல்போன் ரீசார்ஜ் வரை வரி கட்டாமல் ஒரு நாளும் கழிவதில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் எதிர்வீட்டு அக்காவும் கட்டுகிறார், மாதச் சம்பளக்காரனான நானும் கட்டுகிறேன். அந்த மாத்திரைக்கு நாங்கள் இருவருமே முன்பணம் கட்டியவர்கள். நான் போய் வாங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கத்தரிக்காய்க் கடையும் ஆபரேஷன் தியேட்டரும்

தனியார் மருத்துவம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் மாமாவுக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தபோது பக்கத்திலிருந்த தனியார் மருத்துவமனைக்குத்தான் ஓடினோம். ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே கவுன்டரில் கேட்ட முதல் கேள்வி, "இன்சூரன்ஸா, கேஷா?" அடுத்தது, "எந்த ரூம்?" ஷேரிங், சிங்கிள், டீலக்ஸ் என்று அட்டவணை நீட்டினார்கள். அறைக்கு ஏற்ப வாடகை மட்டும் மாறும் என்று நினைத்தோம். டாக்டர் கட்டணமும் மாறும், தியேட்டர் கட்டணமும் மாறும் என்பது பில் வந்த பிறகுதான் புரிந்தது. அடைப்பு ஒன்றுதான், அதை எடுத்த கையும் ஒன்றுதான். படுத்த கட்டிலை வைத்து மொத்தக் கணக்கும் ஏறியிருந்தது. கையுறை, பஞ்சு, சிரிஞ்சு எல்லாம் பாலிசியில் வராது என்று இன்சூரன்ஸ்காரர்கள் தனியே கழித்தார்கள். மாமா பிழைத்தார். டாக்டர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. அத்தையின் இரட்டைவடச் சங்கிலி மட்டும் அடகுக் கடையிலிருந்து திரும்பவே இல்லை.

அன்றைக்கு எங்களால் பேரம் பேச முடிந்ததா? கத்தரிக்காயைக் காம்பு பார்த்து, சொத்தை பார்த்து வாங்கலாம். பிடிக்கவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போகலாம். இன்றைக்குக் கத்தரிக்காய் வேண்டாம் என்று வீட்டுக்கும் போகலாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு இந்த மூன்றுமே கிடையாது. என்ன வேண்டும் என்று சொல்பவரும் விற்பவரும் அங்கே ஒருவரே. பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-லேயே ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் இதைப் பிரித்துக் காட்டிவிட்டார். நோய் எப்போது வரும் என்று தெரியாது, சிகிச்சை பலிக்குமா என்றும் தெரியாது, விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. இத்தனை தெரியாமைகள் கூடிய இடத்தில் சாதாரணச் சந்தை விதி வேலை செய்யாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

நம் ஊரிலேயே இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். அரசின் 36-ம் குறைவானதல்ல, அதையும் கேட்க வேண்டும். ஆனால் இரண்டுக்கும் நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதற்குத் தாய்மார்களின் உடல்நிலை மட்டுமே காரணம் என்று சொன்னால் ஊர் மருத்துவச்சிப் பாட்டிகூட நம்பமாட்டாள்.

சந்தைக்குக் கடிவாளம் போட முடியாது என்பதும் பொய். இதய அடைப்புக்கு வைக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும் விற்றுக்கொண்டிருந்தது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அதற்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. வானம் இடிந்து விழவில்லை. ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சையும் நிற்கவில்லை.

பணம் மட்டும் போதுமென்றால் அமெரிக்கா முதலில் நிற்க வேண்டும்

மருத்துவத்தைப் பெருமளவு சந்தையிடம் விட்ட பணக்கார நாடு அமெரிக்கா. அங்கே வேலையோடு இன்சூரன்ஸ் ஒட்டிக்கொண்ட கதை விசித்திரமானது. இரண்டாம் உலகப் போரில், 1942-ல், சம்பள உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. ஆட்களை இழுக்க வேறு வழியில்லாத முதலாளிகள் சம்பளத்துக்குப் பதில் மருத்துவக் காப்பீட்டைக் காட்டினார்கள். பிறகு அதற்கு வரிச்சலுகையும் கிடைத்து அதுவே நிலைத்தது. வேலை போனால் மருத்துவரும் போனார் என்ற நிலை அப்படி வந்ததுதான். முதியோருக்கும் ஏழைகளுக்கும் 1965-ல் அரசுத் திட்டங்கள் வந்தன. 2010-ல் ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டம் வந்தது. அதன் பிறகும் 2023 கணக்குப்படி காப்பீடு இல்லாதவர்கள் இரண்டரைக் கோடிக்கு மேல். அந்த ஆண்டு அந்த நாடு மருத்துவத்துக்குச் செலவிட்டது தலைக்கு ஏறத்தாழ 14,500 டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் 17 சதவீதத்துக்கும் மேல். பிரிட்டன் ஏறத்தாழ 11 சதவீதம்தான் செலவிடுகிறது. அந்த ஆண்டு சராசரி ஆயுளில் அமெரிக்கா 78 சொச்சம், பிரிட்டன் 81-ஐ ஒட்டி.

இன்சுலின் கதை இன்னும் உறைக்கும். கனடாவின் டொரன்டோவில் 1921-ல் அதைக் கண்டுபிடித்தவர்கள், காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். உயிர்காக்கும் பொருளில் யாரும் லாபக் கொள்ளை அடிக்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, 2019-ல், அமெரிக்கத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இன்சுலின் வாங்க வண்டி கட்டிக்கொண்டு எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போனார்கள். மருந்து ஒன்றுதான். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் அதில் சிறு பங்கு.

ரேஷன் காலத்தில் பிறந்த திட்டம்

பொது மருத்துவம் பணக்கார நாடுகளுக்குத்தான் கட்டுப்படியாகும் என்பார்கள். பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை 1948 ஜூலை 5-ல் தொடங்கியபோது அந்த நாடு போரில் இளைத்துக் கடனில் மூழ்கியிருந்தது. சர்க்கரைக்கும் இறைச்சிக்கும் ரேஷன் அட்டையை நீட்டிய காலம். திட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் அனியுரின் பெவன், வேல்ஸ் நாட்டு ட்ரெடீகர் என்ற சுரங்க ஊர்க்காரர். அந்த ஊரில் சுரங்கத் தொழிலாளிகள் சம்பளத்தில் ஒரு சிறு காசை மருத்துவ உதவிச் சங்கத்துக்குக் கொடுப்பார்கள். டாக்டருக்குச் சம்பளம், மருந்து எல்லாம் அதிலிருந்தே. நம் ஊர்ச் சீட்டு மாதிரிதான். சீட்டில் பணம் திரும்ப வரும், இதில் யாருக்கு முடியவில்லையோ அவருக்குப் போகும். பெவன் செய்தது அந்த ஊர்ச் சங்கத்தை ஒரு நாட்டுக்கு விரித்ததுதான்.

கனடாவுக்கும் ஒரு கதை உண்டு. டாமி டக்ளஸ் என்ற சிறுவனுக்குக் காலில் எலும்பு அழற்சி. பெற்றோரிடம் பணமில்லை. காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்ற நிலையில், ஒரு அறுவை நிபுணர், என் மாணவர்கள் பார்த்துப் படிக்கச் சம்மதித்தால் இலவசமாகச் செய்கிறேன் என்றார். கால் பிழைத்தது. வளர்ந்து மாகாண முதல்வரானவருக்கு அந்த அதிர்ஷ்டம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு பையனின் கால் யாரோ ஒரு டாக்டரின் நல்ல மனத்தை நம்பியா இருக்க வேண்டும்? அவர் முன்னெடுத்த திட்டம் 1962 ஜூலை 1-ல் சஸ்காச்சுவான் மாகாணத்தில் நடப்புக்கு வந்தபோது மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதையும் தாண்டி அது கனடா முழுவதற்கும் பரவியது. இன்று அதை ஒழிப்பேன் என்று சொல்ல எந்தப் பெரிய கட்சிக்கும் துணிவில்லை.

பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 1931-ல் அங்கே எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் கிராமங்களைச் சூறையாடியது. ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ஆஸ்பத்திரி கேட்கும் பழக்கம் மக்களுக்கு அப்போதே வந்துவிட்டது. 1951-ல் அரசு மருத்துவமனைக் கட்டணங்கள் நீங்கின. அமெரிக்காவின் பணத்தில் மிகச் சிறு பங்கைக்கூடச் செலவிட முடியாத அந்தத் தீவில் சராசரி ஆயுள் 77-ஐ ஒட்டி நிற்கிறது. மலேரியா ஒழிந்த நாடு என்று 2016-ல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. தாய்லாந்து 2002-ல் சட்டம் போட்டு, 30 பாட் கட்டணத்தில் சிகிச்சை என்ற திட்டத்துக்குள், வேறு பாதுகாப்பு இல்லாத எல்லோரையும் கொண்டுவந்தது. அதுவும் 1997 நிதி நெருக்கடியில் அடிபட்டு எழுந்துகொண்டிருந்த நேரத்தில்.

இந்த நாடுகளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னால் அது அரைப்பொய். இங்கிலாந்தில் 2023 செப்டம்பரில் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் 77 லட்சத்தைத் தொட்டது. இலங்கையில் 2022 நெருக்கடியில் மருந்து தீர்ந்து, நோயாளிகளே வெளியே வாங்கிவர வேண்டியதாயிற்று. மருத்துவர்கள் கூட்டமாக வெளிநாடு போனார்கள். பொது ஏற்பாடு என்பது அரசின் கஜானாவோடு சேர்ந்தே மூச்சுவிடும். கஜானா இளைத்தால் அதுவும் இளைக்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். காத்திருப்புப் பட்டியல் என்றால் பெயராவது எழுதியிருக்கிறது. பணமில்லை என்று கட்டியைச் சுமந்துகொண்டு வீட்டிலேயே இருந்துவிட்ட பெண்ணின் பெயர் எந்த நாட்டின் எந்தப் பட்டியலிலும் இல்லை.

நாம் நிற்கும் இடம்

பணம் கட்ட முடியாத காரணத்தால் யாருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்ற கொள்கையை சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான குழு 1946-லேயே எழுதிவைத்துவிட்டது. சுதந்திரத்துக்கு ஓராண்டு முந்தைய அறிக்கை. அவசர சிகிச்சை மறுப்பது உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியைக் கல்கத்தாவில் அரசு மருத்துவமனைகள் ஒன்று மாற்றி ஒன்று திருப்பி அனுப்பிய வழக்கு அது. மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதத்தை 2025-க்குள் அரசுகள் மருத்துவத்துக்குத் தர வேண்டும் என்று 2017 தேசியக் கொள்கை இலக்கு வைத்தது. தேசியச் சுகாதாரக் கணக்குப்படி 2021-22-ல் எட்டியது 1.84. அதே கணக்கில், மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையைவிட்டுச் செலவழிப்பது 2013-14-ல் நூற்றுக்கு 64.2 ஆக இருந்தது, 39.4 ஆக இறங்கியிருக்கிறது. நல்ல சேதிதான். இருந்தாலும் நூற்றில் நாற்பது இன்னும் மக்கள் மடியிலிருந்தே போகிறது.

தமிழ்நாட்டில் 2009-ல் அரசுக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018-ல் நாடு தழுவிய ஆயுஷ்மான் பாரத் வந்தது. பெரிய அறுவை சிகிச்சைக்கு நிலத்தை விற்கும் அவலத்தை இவை குறைத்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் காப்பீட்டு அட்டை படுக்கையில் சேர்ந்தவருக்குத்தான் வேலை செய்யும். மாதாமாதம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வாங்கும் மாத்திரைக்கு அது உதவாது. குடும்பங்களின் கைச்செலவில் பெரும்பங்கு அப்படிச் சிறுகச் சிறுகப் போவதுதான். அந்த ஓட்டையை அடைப்பது எதிர்வீட்டு அக்காவின் மாத்திரை அட்டையும், 2021-ல் தொடங்கி வீடு தேடி மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் மாதிரியான காரியங்கள்.

தமிழ்நாட்டின் அரசு மருத்துவம் சாதாரணமானதல்ல. 2018-20 கணக்கில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள், இங்கே 54. அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் 50 சதவீத இடம் என்று நாம் வைத்த ஏற்பாட்டால்தான் தாலுகா மருத்துவமனை வரை மகப்பேறு மருத்துவரும் மயக்க மருத்துவரும் போய்ச் சேர்ந்தார்கள். அந்த உரிமைக்கு நீதிமன்றத்தில் ஆபத்து வந்து, 2020 ஆகஸ்டில் அரசியல் சாசன அமர்வு மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லித்தான் அது பிழைத்தது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் தனியார் மருத்துவமனைகளும் சேர்ந்திருக்கின்றன. கட்டில் யாருடையதாக இருந்தாலும், ஊர்ப்பணம் கொடுத்து ஊர்விதி போட்டால் அங்கே 'கேஷா?' என்ற கேள்வி எழாது என்பதற்கு அதுவே சாட்சி.

இவ்வளவும் இருந்தும், கொஞ்சம் வசதி வந்தவுடன் ஏன் எல்லோரும் ஜி.எச். எனும் அரசு மருத்துவமனை வாசலைவிட்டு விலகிப் போகிறோம்?

கம்புகட்டி இல்லாத ஏரி

எங்கள் ஊர் செங்கல்பட்டுப் பக்கம். ஏரிப்பாசன ஊர். மழைக்கு முன் ஆயக்கட்டுக்காரர்கள் எல்லோரும் வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்ப வேண்டும். வரத்துக் கால்வாயில் முள் வெட்டுவது, கரையில் மண் போடுவது, மதகு பார்ப்பது. குடிமராமத்து என்பார்கள். யாருக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று பார்த்து விட ஒரு கம்புகட்டி இருந்தார். பெரிய பண்ணைக்காரரும் ஆள் அனுப்பினார், அரை ஏக்கர்க்காரரும் வந்தார். பண்ணைக்காரர் வயலும் அந்த மதகை நம்பித்தான் இருந்தது. அதனால் மதகு ஒழுகினால் அதிகாரியிடம் போய்க் கத்துவதும் முதலில் அவர்தான்.

பிறகு போர்வெல் வந்தது. பண்ணைக்காரர் முதலில் போட்டார். அவருக்கு ஏரி தேவைப்படவில்லை. அடுத்த ஆண்டு மராமத்துக்கு அவர் வீட்டு ஆள் வரவில்லை. போர் போட வசதியிருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். கடைசியில் கரையில் நின்றது அரை ஏக்கர்க்காரர்கள் மட்டும். அவர்கள் கத்தினால் எந்த அதிகாரி திரும்பிப் பார்ப்பார்? கால்வாய் தூர்ந்தது, ஏரிக்குள் கருவேலம் முளைத்தது. இதில் பண்ணைக்காரர் கவனிக்காத ஒன்று உண்டு. அவர் போரில் ஊறிய தண்ணீர் ஏரி கொடுத்தது. ஏரி வற்றியதும் 100 அடியில் வந்த தண்ணீர் 300 அடிக்குப் போனது, பிறகு 600. இன்றைக்கு அவர் பேரன் லாரித் தண்ணீர் வாங்குகிறான்.

நம் மெடிக்கல் பாலிசியும் அந்த போர்வெல்தான். போட்டது தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் போட்டவர்கள் ஏரிக்கரைக்கு வருவதை நிறுத்தியபோதுதான் ஏரி செத்தது. எழுதத் தெரிந்தவர், நிருபரைத் தெரிந்தவர், ஆர்.டி.ஐ. போடத் தெரிந்தவர், அதிகாரியோடு நாற்காலியில் உட்கார்ந்து பேசக்கூடியவர் எல்லோரும் ஜி.எச். வரிசையிலிருந்து விலகிவிட்டால், அந்த வரிசையின் குரல் மெலிந்துபோகும். கேட்க நாதியில்லாத இடத்தில் ஃபேன் ஓடாது, கழிவறை கழுவப்படாது, காலிப் பணியிடம் நிரம்பாது.

தனியாரும் ஏரித் தண்ணீரில்தான் நிற்கிறார்கள். அங்கே உள்ள டாக்டர்களில் எத்தனையோ பேர் அரசுக் கல்லூரியில் ஊர்ப்பணத்தில் படித்தவர்கள். தடுப்பூசி போடுவது, கொள்ளைநோயைக் கண்காணிப்பது, கொசு ஒழிப்பது, காசநோயாளியைத் தேடிப் போய் மாத்திரை கொடுப்பது என லாபமில்லாத வேலையெல்லாம் பொது ஏற்பாட்டின் தலையில். கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் படுக்கைக்காகக் காரிலேயே காத்துக்கிடந்தவர்களில் பிளாட்டினம் பாலிசிக்காரர்களும் இருந்தார்கள். அன்றைக்குச் சென்னை ஜி.எச். வாசலில் ஆம்புலன்ஸ் வரிசையில் வர்க்க பேதம் பார்த்தவர் யார்?

ஆளுக்கு ஒரு கூடை மண்

ஜி.எச்.சின் குறைகளை மூடி மறைத்துவிட்டு வாருங்கள் என்று கூப்பிட முடியாது. ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் என் நண்பரின் தந்தையை வார்டிலிருந்து ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக, உதவியாளர் ஐம்பது ரூபாய்க்குக் கை நீட்டினார். கொடுத்தோம். கொடுத்துவிட்டு வெளியே வந்து சிஸ்டமே சரியில்லை என்று பேசினோம். புகார் எழுத யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஐம்பது ரூபாயில் எங்கள் பங்கும் உண்டு.

எனவே இது யாராவது ஒருவர் முடிக்கும் வேலையல்ல. அரசு முதலில் தான் வைத்த இலக்குக்குப் பணம் ஒதுக்க வேண்டும். காலியிடங்களை ஆண்டுக்கணக்கில் இழுக்காமல் நிரப்ப வேண்டும். ஒப்பந்தச் செவிலியர்களைத் தெருவில் உட்காரவைத்துவிட்டுத் தரமான பராமரிப்பு கேட்பது நியாயமில்லை. தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்த தமிழ்நாட்டில் 1997-லிருந்து சட்டம் இருக்கிறது, விதிகள் வந்தது 2018-ல். கட்டண அட்டவணையை வாசலில் மாட்டுவது, சிசேரியன் விகிதத்தைத் தணிக்கை செய்வது, அறையை வைத்து அறுவைக் கட்டணம் ஏற்றுவதை நிறுத்துவது ஆகியவற்றை அந்த விதிகளுக்குள் கொண்டுவரலாம். நேர்மையாகத் தொழில் செய்யும் தனியார் மருத்துவர்கள் நிறையப் பேர் உண்டு. இப்படி ஒரு ஒழுங்கு வந்தால் முதலில் நிம்மதி அடைபவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

நம் பங்கு? போர்வெல்லை மூடச் சொல்லவில்லை. பாலிசி இருக்கட்டும். குழந்தையின் தடுப்பூசிக்கு, பிரஷர் பார்க்க, நாய்க்கடிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். அங்கே குறை கண்டால் முணுமுணுக்காமல் எழுதிக் கொடுக்கலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராம சபையில் சாலைக்கும் தெருவிளக்குக்கும் கேட்பதுபோல், நம் ஊர் சுகாதார நிலையத்தில் எத்தனை டாக்டர், எத்தனை நாள் வருகிறார், என்ன மருந்து இருப்பு இல்லை என்று கேட்கலாம். பில் வேண்டாம் என்று சொல்லி வரியை மிச்சம் பிடிக்கும்போது அந்த மாத்திரை அட்டையிலிருந்துதான் ஒரு மாத்திரையைக் கிழிக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளலாம். நோயாளி இறந்த ஆத்திரத்தில் பயிற்சி டாக்டர் மீது கை ஓங்குவதை நிறுத்தலாம். 36 மணி நேரம் தூங்காமல் நிற்கும் அந்த டாக்டரும் பற்றாக்குறையால் அடிபடுபவர்தான்.

போன மாதம் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். மருந்துக் கடைக்காரர் விலையை மறுபடியும் ஏற்றிவிட்டாராம். எதிர்வீட்டு அக்காவோடு ஆட்டோவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வந்திருக்கிறார். நர்சம்மா பிரஷர் பார்த்து, காலை அழுத்திப் பார்த்து, நோட்டில் எழுதி, ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தாராம்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"மாத்திரை என்னவோ, பாக்கலாம். ஆனா அந்த ஹால்ல ஒரு ஃபேன்கூட ஓடலடா. அறுபது பேர் வெந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். வயசானவங்கல்லாம் மயங்கி விழுந்துடுவாங்க. உங்கக்கா ஆறு வருசமா அப்படித்தான் உட்கார்ந்திருக்காளாம், ஒரு வார்த்தை கேக்கலை. நான் பிரசிடென்ட் வீட்டுக்கே போய்ச் சொல்லிட்டு வந்தேன்."

ஃபேன் இன்னும் ஓடவில்லை. அடுத்த கிராம சபையில் எழுந்து கேட்கப் போவதாகச் சொல்கிறார். எங்கள் தெருவிலிருந்து அவரோடு நான்கு பெண்கள் வருகிறார்களாம். மருந்தை அம்மா இன்னும் முழுசாக நம்பவில்லை. ஏரிக்கரைக்கு மட்டும் வந்துவிட்டார்.